தேருக்கு அடியில் உப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் நம் பட்டறையின் ஆர்டர் படிவத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்கலாம், தப்பில்லை. நீளம் என்ன, அகலம் என்ன, எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற தாளில் திடீரென்று 'வண்டியின் மேல் என்னென்ன விழும்?' என்று ஒரு கேள்வி வந்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். போன வாரம் கொய்யாப்பழத் தள்ளுவண்டிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர் அந்த இடத்தில் 'காக்கா எச்சம்' என்று எழுதிவிட்டுப் போனாராமே. அந்த மனிதரைக் கேலி செய்யாதீர்கள். அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தவன் நான். ரிடையர் ஆகிப் போனவன் எதற்கு இன்னும் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். ஓனரும் புதுப் பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே சொல்லிவிடுகிறேன். இதில் நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நம் வேலை வண்டிக்கு அடியில் இருப்பது. மேலே பெயின்ட் அடிக்கிறவனுக்குப் பேர் உண்டு, பூ வரைகிறவனுக்கு இன்னும் பேர் உண்டு. சேசி என்கிற அடிச்சட்டத்தைக் குனிந்து பார்க்கிறவர்கள் இரண்டே பேர். நாம், அப்புறம் நாய். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். வண்டிக்கு அடியில் வேலை என்றேன். பெண்ணின் அப்பா ரொம்ப நேரம் என்னை மெக்கானிக் என்றே நினைத்துக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரைப் பற்றிப் பேசினார். இத்தனை வருஷம் இப்படி ஒளிந்தே வேலை செய்தவனுக்கு ஒருநாள் நாலு பேர் பார்க்க நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காக்ஸ் டவுன் பக்கத்து மாதா கோயில் ஒன்றிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கணக்கு டீச்சர். பேச்சும் கணக்கு மாதிரிதான் இருக்கும், அனாவசியமாக ஒரு வார்த்தை வராது.

"எங்க தேர் சேசி பூரா இரும்பு, அண்ணா. ஆம்பளைங்களே மூச்சு வாங்கித்தான் இழுக்கறாங்க. எங்களுக்குப் பாதி எடையில ஒண்ணு வேணும். இந்த வருஷம் நாங்க இழுக்கறோம்."

"நாங்கன்னா?"

"பொம்பளைங்க."

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அந்தக் கோயிலில் பெண்கள் தேர் வடத்தைத் தொட்டதில்லை. டீச்சரும் இன்னும் சிலரும் மூன்று வருஷமாகக் கேட்டு, கடைசியில் கமிட்டி ஒத்துக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தேர்க் கமிட்டியின் பெரியவர் சூசை அண்ணன் எழுந்து, "ஒரு வருஷம் இழுத்துப் பாக்கட்டும். வழியில எங்கனா தேர் நின்னுபோச்சுன்னா அத்தோட சரி, இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். கமிட்டிப் புத்தகத்தில் அதை எழுதியும் வைத்தார்கள். ஒரே ஒரு தேர், ஒரே ஒரு வாய்ப்பு. டீச்சர் இதை என்னிடம் மறைக்கவில்லை. "உங்க சேசி நல்லா இருந்தா நாங்க பொழைச்சோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செய்தேன். இன்றைக்கும் அந்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமைதான். இரண்டு நெடுக்குக் கட்டைகளும் வேங்கை மரம். இழுப்பு வருகிற அடிப்பக்கத்தில் மட்டும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினேன், வேறெங்கும் ஒரு ஆணி அதிகம் கிடையாது. பழைய தேருக்குத் திரும்பவே தெரியாது, மூலைக்கு மூலை ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். அதனால் முன்னச்சுக்கு மேலே டர்ன்டேபிள் வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்ட இரும்புத் தட்டு, நடுவில் ஒரு தடி ஊசி. வடத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் சக்கரம் அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். எடையை இன்னும் குறைக்க மேல்தளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

என் கூட்டாளி ரஹீம் பாய், பட்டறையில் இரும்பு வேலை முழுக்க அவர் கையில்தான். நான் டர்ன்டேபிள் தட்டில் கிரீஸை அள்ளி அள்ளி அப்புவதைப் பார்த்துவிட்டு, "அரே மேஸ்திரி, தேருக்குப் போடறியா, பரோட்டாவுக்குப் போடறியா?" என்றார். வழவழவென்று திரும்ப வேண்டும் பாய், டீச்சர் ஒரு விரலால் திருப்ப வேண்டும் என்றேன். சிமெண்ட் மூட்டை ஏற்றி நம் சந்தில் இழுத்துப் பார்த்தோம். நிஜமாகவே ஒரு விரலால் திரும்பியது. நீங்கள் கம்ப்யூட்டரில் எடையைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் பச்சையாக வந்ததும் டீ குடிக்கப் போகிறீர்களே, அதே மாதிரி நாங்களும் டீ குடிக்கப் போனோம்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தேர் புறப்பட்டது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தேருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ரஹீம் பாயும் வந்தார். "உன்னைப் பாத்தா தேர்ல இருக்கற சொரூபமே நீதான்னு நெனச்சி யாராவது மாலை போட்டுடப் போறாங்க" என்றார். டீச்சர் வடத்தின் முன்வரிசையில் இருந்தார். பின்னால் பெண்கள் வரிசை வரிசையாக. தேர் அவர்களுக்குப் பின்னால் அவ்வளவு லேசாகப் போனது. கிறீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. முதல் தெருவில் வாய்பொத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டாவது தெருவில் கை தட்டினார்கள். சூசை அண்ணன் மட்டும் தட்டவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது உப்புக்கு வருகிறேன். தேர் வரும்போது வேண்டுதல் உள்ளவர்கள் உப்பும் மிளகும் வாங்கித் தேர்மேல் வீசுவார்கள். மரு போக, சொறி போக, பிள்ளைக்குக் காய்ச்சல் விட. பொரியும் பூவும்கூட விழும். நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்களுடையது பௌத்த வீடு, ஆனால் சின்ன வயதிலிருந்து எத்தனை தேர் பார்த்திருக்கிறேன்! தலையில் கல்லுப்பு விழுந்து திட்டியும் இருக்கிறேன். வேடிக்கை பார்க்கிற எனக்கு அது தெரியும். அடிச்சட்டம் செய்கிற எனக்கு அது தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான், ஆனால் பட்டறைக்குள் நுழையும்போது ஒருவனைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாவது தெரு முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். டீச்சர் வடத்தை வலது பக்கம் கொண்டுபோனார், சக்கரம் திரும்பியது, தேர் திரும்பியது. அப்புறம் நேராக வேண்டும். நேராகவில்லை. திரும்பின சக்கரம் திரும்பினபடியே நின்றது. ஒரு இழுப்பு இழுத்தார்கள், தேர் சாக்கடை மோரிப் பக்கம் போனது. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் முன்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி மாதா சொரூபம் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரில் சாய்ந்திருக்கும். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நாலு பக்கமும் சத்தம். பெண்கள் வடத்தைப் பிடித்தபடி நின்றார்கள்.

சூசை அண்ணன் விறுவிறுவென்று வந்தார். "என்ன ஆச்சு மேஸ்திரி?"

நான் குனிந்து பார்க்கவில்லை. குனிந்து பார்ப்பதுதான் என் தொழில், அதைச் செய்யவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"ஒரு பக்கமா இழுத்துட்டாங்க போல இருக்கு."

என் வேலையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். விரிசல் விட்ட கட்டையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், ஓட்டையை மாற்றிப் போட்டிருக்கிறேன். அதிலெல்லாம் மோசமான வேலை இந்த ஒரு வாக்கியம்தான். சூசை அண்ணனுக்கு அது போதும். திரும்பி நின்று கையை உயர்த்தி, "வடத்தை விடுங்கம்மா! இழுக்கத் தெரியாம இழுத்துட்டீங்க. ஆம்பளைங்க யாராவது கோயிலுக்குப் போய் கடப்பாரை எடுத்தாங்கப்பா!" என்றார்.

பெண்கள் யாரும் வடத்தை விடவில்லை. ஸ்டெல்லா டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அப்போதுகூட மனசின் ஒரு மூலையில், நிஜமாகவே ஒரு பக்கமாக இழுத்திருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது.

அதற்குள் ரஹீம் பாய் தேருக்கு அடியில் படுத்துவிட்டார். "இங்க வா மேஸ்திரி" என்று என் காலைப் பிடித்து இழுத்தார். புதுச் சட்டையோடு நானும் படுத்தேன். பலகை இடைவெளி வழியாக விழுந்த கல்லுப்பு முழுக்க என் கிரீஸில் ஒட்டி, தட்டு இரண்டுக்கும் நடுவே போய், சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. நடுநடுவே மிளகு வேறு. மூன்று தெருவின் வேண்டுதலும் அங்கேதான் இருந்தது.

"பூரா உப்பு" என்றார் பாய்.

"ஆமா."

"இழுத்தவங்க மேல தப்பில்ல."

"இல்ல."

"நான் போய் சொல்லட்டா, நீ சொல்றியா?"

வெளியே கடப்பாரைக்கு ஆள் ஓடிவிட்டது. கடப்பாரை வந்து ஆண்கள் நெம்பிவிட்டால் அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் எடுபடாது. அடியில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பட்டறை பேர் பிழைக்கும், என் பேரும் பிழைக்கும். இன்னும் மூன்று கோயில் தேருக்கு ஆர்டர் பேச்சில் இருந்தது, அதுவும் பிழைக்கும். இதையெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்கிறீர்கள்? ஒரு தும்மல் போடுகிற நேரம். மனிதனுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வரும் மூளை வேறு எதற்கும் அவ்வளவு வேகமாக வருவதில்லை.

வெளியே வந்தேன். தேருக்கு முன்னால் மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டிருந்தவர் தேர் நின்றது தெரியாத மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் ஒரு வரி சொல்ல, தெரு முழுக்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான்தான் இந்தத் தேருக்குச் சேசி செஞ்சவன். தேர் நின்னதுக்குக் காரணம் இழுத்தவங்க இல்லீங்க. அவங்க கரெக்டா இழுத்தாங்க. அடியில நான் போட்ட கிரீஸ்ல உப்பு புடிச்சிக்கிச்சு. தப்பு என்னுது. பாக்காமலே அவங்க மேல சொல்லிட்டேன், அதுவும் தப்பு."

அப்புறம் தெரு முழுக்க ஒரே குரலில், பழக்க தோஷத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது.

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, மாடியில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஃபாதர் சிரிப்பை அடக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"வேண்டிக்கறது அப்புறம் இருக்கட்டும். இப்ப என்ன பண்ணணும்?"

"மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவணும் டீச்சர்."

"மண்ணெண்ணெய்க்கு இந்தக் காலத்துல எங்க போவீங்க? சுத்தி அத்தனை மெழுகுவத்தி வேற எரியுது. என்ன அண்ணா, பிசுக்கும் உப்பும்தானே? எங்க வீட்டுக் கடாய்ல தினமும் அதான் இருக்கு. வெந்நி ஊத்துங்க."

இத்தனை வருஷ அனுபவசாலிக்கு அது தோன்றவில்லை. கிரீஸைச் சூடு இளக்கும், உப்பைத் தண்ணீர் கரைக்கும். ஐந்தாம் வகுப்புப் பாடம். பெண்கள் பாதிப் பேர் வடத்தைப் பிடித்துக்கொள்ள, மீதிப் பேர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்தார்கள். கீஸர் பக்கெட், பால் குக்கர், குளிக்க வைத்திருந்த வெந்நீர் என்று வந்துகொண்டே இருந்தது. முனை டீக்கடைக்காரர் அடுப்பிலிருந்த பாத்திரத்தையே தூக்கிவந்துவிட்டார். பாய், நிறுத்தியிருந்த இரண்டு கார்களிலிருந்து ஜாக்கி கேட்டு வாங்கி, சட்டத்தை ஒரு விரல் தூக்கினார். தட்டு இரண்டும் பிரிந்தன. நான் ஊற்ற ஊற்ற அவர் ரம்பத் துண்டால் சுரண்டினார். புதுச் சட்டையைக் கழற்றித் தட்டைத் துடைத்தேன், வேறு துணி பக்கத்தில் இல்லை. மறுபடி கிரீஸ் போட்டால் மறுபடி உப்பு பிடிக்கும். ஒருத்தர் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கித் தட்டில் நன்றாகத் தேய்த்தேன். மெழுகில் உப்பு ஒட்டாது. இடைவெளிக்கு மேலே யாரோ ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை விரித்தார்கள்.

கடப்பாரை வந்து சேர்ந்தபோது ஜாக்கியை இறக்கிவிட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். டீச்சர் வடத்தை எடுத்தார், சக்கரம் நேரானது, தேர் நகர்ந்தது. பெண்களே இழுத்துக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பனியனோடு பின்னால் நடந்து போன எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் பார்க்காத மாதிரி நடந்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் டீச்சர் பட்டறைக்கு வந்தார்.

"வழியில தேர் நின்னுச்சு. புத்தகத்துல எழுதியிருக்கறபடி பாத்தா நாங்க தோத்துட்டோம்னு சொல்றாங்க. மைக்குல சொன்னதெல்லாம் காத்துல போயிடும் அண்ணா. எழுதிக் குடுங்க."

ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சும்மா வாயால் சொன்னது போதாதா, பட்டறை பேர் போட்ட தாளில் எழுதினால் நாளைக்கு யார் ஆர்டர் தருவார்கள் என்றார். அவர் பயம் நியாயமானது. நான் எழுதினேன். டர்ன்டேபிள் நான் வைத்தது, கிரீஸ் நான் போட்டது, இடைவெளி நான் விட்டது, இழுத்தவர்கள்மேல் குறை இல்லை, கீழே கையெழுத்து. ஓனர் பெருமூச்சு விட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். மூன்று கோயில் ஆர்டரில் ஒன்று அதனால் கைவிட்டுப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஃபாதர் அதைப் படித்தாராம். முடித்ததும் எல்லாரும் சூசை அண்ணனைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம், "வடம் அவங்க கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். டீச்சர் போனில் இதைச் சொல்லும்போது முதல்முறையாகச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து சூசை அண்ணனே பட்டறைக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். ரொம்ப நேரம் அறுத்துப் போட்ட மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அந்த மாதிரி இன்னொரு லெட்டர் எழுதித் தரணும்."

"எதுக்கு அண்ணே? இன்னும் யாராவது பிரச்சினை பண்றாங்களா?"

"இது வேற. பழைய தேரு ஒரு தடவை திரும்பறப்ப சறுக்கி ஒருத்தர் கால் நசுங்கிப்போச்சு. ரொம்ப வருஷம் ஆச்சு. பின்னாடி சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டை போடறவன் என் தம்பி. கட்டையை நேரத்துக்குப் போடலன்னு ஊரே அவனைச் சொல்லிச்சு. நானும் சொன்னேன். அவன் வீட்டைக் காலி பண்ணிட்டு ஈஜிபுரா பக்கம் போயிட்டான். கோயில் பக்கமே வர்றதில்ல. எங்க அம்மா சாவுக்கு வந்தான், என்கூடப் பேசல."

நானும் அவர் எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்தேன்.

"அந்த வருஷம் அச்சு வளைஞ்சிருந்துச்சு மேஸ்திரி. தேர் கௌம்பறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன். கமிட்டியில நான்தான் பொறுப்பு. ஒரு வருஷம் தாங்கும்னு வுட்டுட்டேன்."

"லெட்டர் யார் பேர்ல எழுதணும் அண்ணே?"

"என் பேர்ல. எனக்கு எழுத வரல. ரெண்டு நாளா தாளை வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'அன்புள்ள தம்பிக்கு, அச்சு வளைந்திருந்தது. எனக்குத் தெரியும். உன் மேல் தப்பில்லை.' மன்னித்துக்கொள் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதைக் கேட்கிற உரிமை இன்னும் வரவில்லை என்றார். தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஈஜிபுராவுக்கு எந்த பஸ் என்று கேட்டார்.